இலகுவா, நடுத்தரமா, கனமா: உங்கள் ஆட்டத்துக்கு எந்த எடை மட்டை?

தராசில் வைத்தால் இரண்டு கிரிக்கெட் மட்டைகளும் 2 பவுண்டு 10 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 1,190 கிராம். கையில் எடுத்தால் ஒன்று தானாக எழும்புகிறது, இன்னொன்று தரையை விட்டு வர மறுக்கிறது. எடையைக் குறிக்கும் ஒற்றை எண்ணை நம்பி மட்டை வாங்குகிறவர் இடறும் இடம் இது. ஆனாலும் அந்த எண்ணை ஒதுக்கிவிட முடியாது. அதைத் தவறாகத் தேர்ந்தெடுத்து இரண்டு பருவங்களை வீணாக்கியவன் நான்.

அப்போது ஐந்தாம் இடத்தில் ஆடிக்கொண்டிருந்தேன். 2 பவுண்டு 13 அவுன்ஸ் மட்டை ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். வலைப்பயிற்சியில் முன்காலில் சாய்ந்து அடிக்கும் ஒவ்வொரு பந்தும் வெடித்துக்கொண்டு போனது. ஆட்டத்தில் நடந்தது வேறு. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குட்டையாக விழுந்த பந்தைக் கட் செய்யப் போனால், பந்து கடந்து போன பிறகே மட்டை வந்து சேர்ந்தது. புல் ஷாட் மேல் விளிம்பில் பட்டு வானத்துக்குப் போனது. கால் நகர்வில்தான் குறை என்று நினைத்து மாதக்கணக்கில் காலைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கைப்பிடி கழன்றுவிட்டதால் அணித் தோழர் ஒருவரின் மட்டையை இரவல் வாங்கி இறங்கினேன். அது 2 பவுண்டு 8 அவுன்ஸ். அதே கால், அதே கண். கட் ஷாட் மட்டையின் நடுவில் பட்டுச் சீறிப் போனது. இடையில் இருந்த வித்தியாசம் வெறும் 140 கிராம்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தில் எனக்கு ஓர் உறுதியான எண்ணம் உண்டு. உங்களுடைய மிகச் சிறந்த அடியை நினைத்து மட்டையின் எடையை முடிவு செய்யாதீர்கள். நீங்கள் எந்தப் பந்துக்குத் தாமதமாகிறீர்கள், எந்த நேரத்தில் கை தளர்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

எண்கள் எதைச் சொல்கின்றன

பெரியவர்களுக்கான மட்டைகள் பெரும்பாலும் 2 பவுண்டு 6 அவுன்ஸிலிருந்து 3 பவுண்டு வரை இருக்கும். பேச வசதியாக இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: 2 பவுண்டு 8 அவுன்ஸ் வரை, அதாவது சுமார் 1,135 கிராம் வரை இலகு, அதற்கு மேல் 2 பவுண்டு 11 அவுன்ஸ் வரை, சுமார் 1,220 கிராம் வரை நடுத்தரம், 2 பவுண்டு 12 அவுன்ஸும் அதற்கு மேலும் கனம். ஓர் அவுன்ஸ் என்பது 28 கிராம்தான். கேட்கும்போது அற்பமாகத் தெரியும். நூறு முறை தூக்கி இறக்கும்போது அப்படித் தெரியாது.

கிரிக்கெட் விதிகள் மட்டையின் நீளத்தை 96.52 செ.மீ. என்றும் அகலத்தை 10.8 செ.மீ. என்றும் கட்டுப்படுத்துகின்றன. 2017 அக்டோபரிலிருந்து முதுகின் தடிமன் 6.7 செ.மீ.க்கும் விளிம்பின் தடிமன் 4 செ.மீ.க்கும் மேல் போகக் கூடாது என்ற வரம்பும் வந்தது. எடைக்கு மட்டும் இன்று வரை எந்த வரம்பும் இல்லை. முடிவு முழுவதும் ஆடுகிறவரிடமே விடப்பட்டிருக்கிறது.

பெரிய ஆட்டக்காரர்களைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றால் அவர்களே ஒத்துப்போவதில்லை. டெஸ்ட் சராசரியாக 99.94 வைத்திருக்கும் டான் பிராட்மன் இரண்டேகால் பவுண்டு அளவிலான மட்டையோடு ஆடியவர். இன்றைய கணக்கில் அது வளரும் சிறுவர்களின் மட்டைக்குப் பக்கத்தில் வரும் எடை. நூறு சர்வதேசச் சதங்கள் அடித்த சச்சின் டெண்டுல்கர் மூன்று பவுண்டைத் தாண்டிய மட்டையைத் தூக்கினார். கிளைவ் லாயிட், 1999 உலகக் கோப்பையின் தொடர் நாயகன் லான்ஸ் குளூஸ்னர் ஆகியோரும் கன மட்டைக்காரர்கள்.

டெண்டுல்கரைக் காட்டிக் கன மட்டை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவர் கைப்பிடியின் அடிப்பகுதியில், மட்டையின் தோளை, அதாவது கைப்பிடி பலகையோடு சேரும் இடத்தை, ஒட்டிப் பிடித்தார். பிடி இறங்க இறங்க, கைக்கும் மட்டையின் எடை மையத்துக்கும் உள்ள தூரம் குறைகிறது. அதே எடை கைக்கு இலகுவாகிவிடுகிறது. கைப்பிடியின் உச்சியில் பிடித்து ஆடும் ஒருவர் அதே மட்டையை எடுத்தால் அவர் தூக்குவது வேறொரு பாரம். ஆகவே எடையைத் தேடும் முன் உங்கள் பிடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

கனமானால் பந்து அதிகம் போகுமா?

போகும், வீச்சின் வேகம் குறையாமல் இருந்தால். இந்த நிபந்தனையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

தோல் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். மட்டை அதைவிட ஏழு எட்டு மடங்கு கனம். இவ்வளவு பெரிய பொருள் இவ்வளவு சிறிய பொருளை மோதும்போது, பெரியதன் எடையைக் கொஞ்சம் கூட்டுவதால் கிடைக்கும் பலன் சொற்பம். ஓர் எளிய மோதல் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நடுத்தர மட்டையில் 60 கிராம் கூட்டி, அதே வேகத்தில் வீசினால், பந்து கிளம்பும் வேகம் ஒன்றிலிருந்து ஒன்றரை சதவீதம் வரை கூடுகிறது. வீச்சின் வேகம் இரண்டு சதவீதம் குறைந்தாலே அந்த லாபம் முழுவதும் போய்விடுகிறது. இரண்டு சதவீதம் என்பது கண்ணுக்கே தெரியாத அளவு. ஐம்பது ரன் ஓடி முடித்த கையில் அதைவிட அதிகமாகவே குறையும் என்பது என் அனுபவம்.

கன மட்டையின் உண்மையான நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. பந்து நடுவில் படாமல் சற்றுத் தள்ளிப் பட்டாலும் அது கையில் அவ்வளவாகத் திரும்புவதில்லை. விளிம்புகளில் மரம் அதிகமாக இருப்பதால் தவறான அடிக்கும் ஓரளவு உயிர் இருக்கும். பின்தூக்கலை, அதாவது அடிக்கும் முன் மட்டையைப் பின்னால் தூக்குவதை, சிறிதாக வைத்துக்கொண்டு, நேர்க்கோட்டில் பந்தைத் தள்ளுகிறவருக்கு இது பெரிய உதவி. தள்ளினாலே பந்து அருகே நிற்கும் களத்தடுப்பாளர்களின் உள்வட்டத்தைத் தாண்டும். கன மட்டை பிடித்தவர்கள் அதை விட மனம் வராமல் வைத்திருப்பதன் காரணம் இந்த உணர்வுதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தச் சுகத்தை நானும் அனுபவித்திருக்கிறேன்.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து கையை விட்டு மட்டைக்கு வர ஏறக்குறைய அரை நொடிதான் எடுக்கிறது. அதில் பந்தைக் கண்டு, நீளத்தைக் கணித்து, ஷாட்டைத் தீர்மானிக்கும் நேரம் போக, மட்டையை இறக்குவதற்கு மிஞ்சுவது மிகச் சிறிய பகுதி. கன மட்டைக்காரர் இந்த இறக்கத்தை முன்கூட்டியே தொடங்க வேண்டியிருக்கிறது. முன்கூட்டித் தொடங்கினால் பந்து கடைசியில் செய்யும் வேலைக்கு, அது காற்றில் வளையும் ஸ்விங்காக இருந்தாலும் தரையில் பட்டு விலகுவதாக இருந்தாலும், பதில் சொல்ல முடியாது. இலகு மட்டையின் பெருமை அதன் வேகத்தில் மட்டுமில்லை. ஒரு கணம் கூடுதலாகக் காத்திருக்க அது விடுகிறது.

யாருக்கு எது

மணிக்கட்டால் ஆடுகிறவர்களுக்கு இலகு மட்டை. பந்தைத் தாமதமாக ஆடுகிறவர்கள், லேட் கட், கிளான்ஸ், ஸ்வீப், ரிவர்ஸ் ஸ்வீப் என்று மட்டையின் முகத்தைக் கடைசிக் கணத்தில் திருப்பி ரன் எடுப்பவர்கள் எல்லாரும் இதில் வருவார்கள். பின்காலில் நின்று கட் ஷாட்டும் புல் ஷாட்டும் ஆடி வாழ்கிறவர்களும் அப்படியே. குறுக்கு மட்டை ஷாட்டுகளில் மட்டை நீண்ட வட்டத்தில் சுழல வேண்டும். அங்கேதான் எடை முதலில் கழுத்தைப் பிடிக்கும். புதுப் பந்தைச் சந்திக்கும் தொடக்க ஆட்டக்காரருக்கு 2 பவுண்டு 8 அல்லது 9 அவுன்ஸ் நல்ல இடம். விட வேண்டிய பந்துக்கு மட்டையை உள்ளே இழுத்துக்கொள்ளவும் அவருக்குக் கை இலகுவாக இருக்க வேண்டும்.

இலகு மட்டைக்கும் ஒரு குறை உண்டு. கை முன்னால் ஓடிவிடும். முழு நீளப் பந்தை டிரைவ் செய்யும்போது பந்து வருவதற்குள் மட்டை போய்ச் சேர்ந்து, மிட்-ஆஃபில் எளிய கேட்சாக முடியும். மெதுவான ஆடுகளங்களில் இது இன்னும் அதிகம். கனத்திலிருந்து இலகுவுக்கு மாறுகிறவர்களுக்கு முதல் சில வாரங்கள் இப்படித்தான் போகும். அதைக் கண்டு பயந்து பழைய மட்டைக்கே திரும்பிவிடாதீர்கள். கை பழகிக்கொள்ளும்.

கன மட்டை பொருந்துவது குறிப்பிட்ட ஒரு வகை ஆட்டத்துக்கு. நேர் மட்டையால் முன்காலில் ஆடுகிறவர், உயரமும் முன்கை வலுவும் உள்ளவர், நீண்ட பின்தூக்கல் இல்லாதவர், பந்து முழங்காலுக்கு மேல் அதிகம் எழும்பாத ஆடுகளங்களில் ஆடுகிறவர். இவை எல்லாம் ஒருவரிடம் சேர்ந்து இருந்தால் 2 பவுண்டு 12 அவுன்ஸ் அவருக்குச் சொத்து. இவற்றில் இரண்டு குறைந்தால் சுமை. கீழ்க்கையால், அதாவது கைப்பிடியில் கீழே இருக்கும் கையால், பலமாக அடிப்பவர்கள் கனத்தைச் சமாளிப்பார்கள், ஏனென்றால் கீழ்க்கை மட்டையின் நடுவுக்கு அருகில் இருக்கிறது. மேல்க்கையால் வழிநடத்தி ஆடுகிறவர்கள் சமாளிக்க மாட்டார்கள்.

நடுத்தரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தன் ஆட்டம் இன்னதென்று இன்னும் தெரியாதவரும், எல்லா இடத்திலும் இறங்குகிறவரும் 2 பவுண்டு 9 அவுன்ஸில் தொடங்கினால் பெரிதாகத் தவறிவிட மாட்டார்கள். இருபது ஓவர் ஆட்டத்தில் கடைசியில் வந்து அடிப்பவர்கள் 2 பவுண்டு 10, 11 அவுன்ஸ் வரை போகலாம். அவர்கள் சந்திப்பது பத்து இருபது பந்துகள். களைப்பு பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் அவர்கள் காலடியில் விழும் யார்க்கரைத் தோண்டி எடுக்க வேண்டும், எழும்பி வரும் மெதுவான பவுன்சரையும் அடிக்க வேண்டும். அதற்கு மேல் எடை கூட்டினால் இரண்டில் ஒன்று கைவிட்டுப் போகும்.

எழும்பும் விதம்

இனி முதலில் சொன்ன இரண்டு மட்டைகளுக்கு வருவோம். ஒரே எடை, வேறு வேறு உணர்வு. மரம் எங்கே குவிந்திருக்கிறது என்பதுதான் காரணம். அடிநுனிக்கு அருகில் தடிமன் அதிகம் என்றால் மட்டை கையில் கனக்கும். தோளை நோக்கித் தடிமன் நகர்ந்தால் இலகுவாக எழும்பும். இதைத்தான் ஆட்டக்காரர்கள் பிக்கப் என்கிறார்கள். தராசு காட்டும் எடையைவிட இதற்கே நான் முதலிடம் கொடுப்பேன். நல்ல பிக்கப் உள்ள 2 பவுண்டு 11 அவுன்ஸ் மட்டை, அடி கனத்த 2 பவுண்டு 9 அவுன்ஸ் மட்டையைவிட வேகமாகக் கீழே வரும்.

தடிமன் இடம் மாறும்போது, பந்து பட்டால் நன்றாகச் சீறிப் போகும் இடமான ஸ்வீட் ஸ்பாட்டும் இடம் மாறுகிறது. பந்து தாழ்ந்து வரும் களங்களில் அது கீழே இருப்பது நல்லது. எழும்பும் களங்களில் நடுவிலோ சற்று மேலேயோ இருக்க வேண்டும். இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. தாழ்ந்த களத்துக்கு ஏற்ற மட்டை இயல்பாகவே அடி கனத்திருக்கும். ஆகவே அப்படி ஒன்றை வாங்குகிறவர் தராசு எடையில் ஓர் அவுன்ஸ் குறைத்துக்கொள்வது கணக்கைச் சரிசெய்யும்.

தடித்த விளிம்பைக் கண்டு மட்டை கனம் என்றோ, கனமான மட்டைதான் தடிமனாக இருக்கும் என்றோ நினைக்க வேண்டாம். மரத்தை நன்றாக உலர்த்தினால் பெரிய உருவமும் குறைந்த எடையும் சேர்ந்து கிடைக்கும். அதற்கு விலையாக ஆயுள் குறையும். உலர்ந்த மரம் சீக்கிரம் வெடிக்கும். மட்டை செய்யும் மரங்களில் காஷ்மீர் வில்லோ பொதுவாக ஆங்கில வில்லோவைவிட அடர்த்தியானது. ஒரே எடைக்கு அதில் உருவம் சிறுக்கும், ஒரே உருவத்துக்கு எடை ஏறும். காஷ்மீர் வில்லோவில் ஆடத் தொடங்குகிறவர்கள் பெரிய விளிம்பைத் தேடி, தெரியாமலே கன மட்டைக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள்.

பிக்கப்பை ஓரளவு கையிலேயே திருத்தலாம். கைப்பிடிக்கு இரண்டாவது ரப்பர் கிரிப் போட்டால் மொத்த எடை ஐம்பது கிராம் அளவுக்குக் கூடும், ஆனால் அந்த எடை கையின் பக்கம் சேர்வதால் அடிப்பகுதி இலகுவானது போல் தோன்றும். பிடி தடிப்பதால் சிலருக்குக் கீழ்க்கையின் இறுக்கமும் குறைகிறது. எதிர்த்திசையில் நடப்பதும் உண்டு. முகத்தில் ஒட்டும் பாதுகாப்புத் தாள், அடிநுனிக்கு மாட்டும் காப்பு, அளவுக்கு மீறித் தடவிய எண்ணெய் எல்லாம் கையிலிருந்து தொலைவில் எடையைச் சேர்க்கின்றன. வாங்கும்போது கச்சிதமாக இருந்த மட்டை ஒரு மாதத்தில் மந்தமாகிவிட்டது என்றால் முதலில் இவற்றைச் சந்தேகியுங்கள்.

பந்தும் ஒரு காரணம்

டென்னிஸ் பந்தில் ஆடுகிறவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு இன்னும் கூர்மையாகிறது. அந்தப் பந்து 58 கிராம் அளவில்தான் இருக்கிறது. மோத வேண்டிய பொருள் இவ்வளவு இலகுவாக இருக்கும்போது மட்டையில் எடையைக் கூட்டுவதன் பலன், தோல் பந்தில் கிடைப்பதில் பாதிகூட இல்லை. வீச்சின் வேகம்தான் எல்லாம். தோல் பந்து மட்டையை டென்னிஸ் பந்து ஆட்டத்துக்கு எடுத்துப் போகிறவர் இருந்த வேகத்தையும் தொலைக்கிறார். ஆயிரம் கிராமுக்குள் இருக்கும் மட்டையோடு வரும் ஒல்லியான பையன் அவரைவிடத் தூரம் அடிப்பது இதனால்தான்.

சிறுவர்களுக்கு வாங்குகிறவர்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்வேன்: "வளர்ந்த பிறகும் ஆகுமே" என்று பெரிய மட்டை வாங்கிக் கொடுக்காதீர்கள். சட்டைக்கு அது சரி. மட்டைக்குச் சரியில்லை. தூக்க முடியாத மட்டையைப் பிடித்த சிறுவன் மேல்க்கையை மறந்து கீழ்க்கையால் இழுக்கப் பழகுகிறான். நேராக வர வேண்டிய மட்டை குறுக்கே வருகிறது, தோள் திறந்துகொள்கிறது, ஆஃப் பக்கம் அவனுக்கு இல்லாமலே போகிறது. அந்தப் பழக்கத்தைப் பதினாறு வயதில் களைவது பெரும்பாடு. பயிற்சியாளர் வருடக்கணக்கில் திருத்த வேண்டியதை, ஓர் அளவு சிறிய மட்டை தொடக்கத்திலேயே தடுத்துவிடும்.

எப்படிச் சோதிப்பது

பலரும் மட்டையைக் கையில் வாங்கியதும் இரண்டு முறை வேகமாக வீசிப் பார்ப்பார்கள். அதில் ஒன்றும் தெரியாது. களைப்படையாத கைக்கு எல்லா மட்டையும் இலகுதான். கையுறை அணிந்து, நீங்கள் ஆடும் நிலையில் நின்று, மேல்க்கையால் மட்டும் பிடித்து மெதுவாக ஒரு நேர் டிரைவ் ஆடுங்கள். முடிவில் மட்டையைக் கண் உயரத்தில் நிறுத்துங்கள். முகம் கோணாமல், முழங்கை கீழே விழாமல் நிற்கிறதா? பத்து முறை இதைச் செய்யுங்கள். ஏழாவது எட்டாவது முறையில் மட்டை ஆடத் தொடங்கினால் ஓர் அவுன்ஸ் குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு பின்காலில் போய், மார்பு உயரப் பந்துக்குப் புல் ஷாட் ஆடுவது போல இரு கைகளாலும் சுழற்றி, பாதியில் நிறுத்திப் பாருங்கள். நிறுத்த முடியாத மட்டையை உங்களால் கட்டுப்படுத்தவும் முடியாது.

இரண்டு மூன்று மட்டைகள் இடையே தயக்கம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு, இன்னொருவரை மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். வண்ணத் தாளும் விளிம்பின் பருமனும் கண்ணை ஏமாற்றும். மணிக்கட்டு அவ்வளவு எளிதில் ஏமாறாது. இப்போது வைத்திருக்கும் மட்டையைச் சமையலறைத் தராசில் நிறுத்து, அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு போவதும் நல்லது. தன் மட்டையின் எடை தெரியாமலே அடுத்ததைத் தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஒரு பருவத்தில் நீங்கள் ஆட்டமிழந்த விதங்களையும் எழுதிப் பாருங்கள். பின்னால் கொடுத்த எட்ஜ்கள், போல்டு, மேல் விளிம்பு என்று பட்டியல் போனால் தாமதம், எடையைக் குறையுங்கள். மிட்-ஆஃப், மிட்-ஆன், கவர் என்று முன்னால் கொடுத்த கேட்சுகள் மிகுந்தால் கை முந்துகிறது. ஓர் அவுன்ஸ் கூட்டலாம், அல்லது ஸ்வீட் ஸ்பாட் சற்றுக் கீழே உள்ளதாகப் பார்க்கலாம். முன்கையிலோ முழங்கையின் வெளிப்புறத்திலோ வலி தொடர்ந்தால் வேறு எந்தக் கணக்கும் வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள், இலகுவுக்கு இறங்குங்கள்.

நான் இப்போது வைத்திருப்பது 2 பவுண்டு 8 அவுன்ஸ். நடுவில் ஸ்வீட் ஸ்பாட், ஒரே கிரிப். சிக்ஸர்கள் முன்பு போல் எல்லைக்கு வெகுதூரம் அப்பால் விழுவதில்லை, கயிற்றை ஒட்டியே விழுகின்றன. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குட்டையாக விழும் பந்து மறுபடியும் எனக்கு நான்கு ரன்.